மூன்றாம் இடத்து டாட்ஜ்

தென்காசிச் சந்தைக்கு அருகிலிருந்த வாடகை வண்டி ஸ்டாண்டில், எங்கும் எழுதி வைக்கப்படாத, ஆயினும் எவரும் மீறத் துணியாத ஒரு விதி இருந்தது. ஆயுத பூசையன்று ஒவ்வொரு வண்டியும், தள்ளுவாரோ கட்டி இழுப்பாரோ இன்றி, தன் சொந்த எஞ்சினின் பலத்தில் வந்து தனக்குரிய இடத்தில் நிற்க வேண்டும். தீபாராதனை முடிந்ததும் சக்கரங்களுக்கு அடியில் வைக்கப்படும் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நகர வேண்டும். அவ்வாறு செய்ய இயலாத வண்டி, அடுத்த ஆயுத பூசை வரையில் தன் இடத்தை இழந்துவிடும். இடமில்லாத வண்டிக்குச் சுமையும் இல்லை. வாழைத்தார் வியாபாரி ஆனாலும், குற்றாலத்து விடுதிக்காரர் ஆனாலும், இடத்தைப் பார்த்துத்தான் வண்டியை அழைப்பது வழக்கம்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஆயுத பூசை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், மூன்றாம் இடத்துக்கு உரிய டாட்ஜ் பிக்கப், குற்றாலத்தில் வள்ளித்தாயின் வீட்டு முற்றத்தில் அசைவற்று நின்றது.

அவள் கணவன் சங்கிலிப்பாண்டி, யுத்த காலத்தில் இராணுவத்தில் லாரி ஓட்டியவன். யுத்தம் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுச்சென்ற வண்டிகள் ஏலத்துக்கு வந்தபோது, வள்ளித்தாயின் கழுத்துச் சங்கிலியும் கைவளைகளும் இந்தப் பிக்கப்பாக உருமாறின. அமெரிக்க வண்டியாதலால் அதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. ஊரார் அதை 'இடக்கை வண்டி' என்று கேலி பேசுவார்கள். வள்ளித்தாய் அதைப் பொருட்படுத்தியதில்லை. அடுத்தவர் வண்டிக்குக் கூலி டிரைவராக அவன் போகாமல் காத்தது அந்த வண்டிதான் என்பதை அவள் அறிவாள்.

புளியறைச் சோதனைச் சாவடியில், மரம் ஏற்றிய லாரி ஒன்று பின்னோக்கிச் சரிந்து வந்து பிக்கப்பின் முகத்தில் மோதிவிட்டது. சங்கிலிப்பாண்டி இறங்கித் தேநீர் அருந்திக்கொண்டிருந்ததால் பிழைத்தான். ஸ்டியரிங் தண்டு பிழைக்கவில்லை. கைச்சக்கரத்தைத் தாங்கும் நீண்ட தண்டும், அதன் அடியிலுள்ள பல் பெட்டியும் சேர்ந்து ஒரே உறுப்பு. தண்டு வில்லாக வளைந்துவிட்டது. கொல்லர் காய்ச்சித் தட்டியபோது அது நிமிர்ந்தது. ஆனால் பெட்டிக்குள் உடைந்திருந்த பற்களுக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஸ்டாண்டுத் தலைவர் தில்லைநாயகம் அவர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் நேரிலேயே எழுந்தருளினார். அவரிடம் ஏற்கெனவே வேன்கள் இருந்தன. அண்மையில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். அதற்குத்தான் ஸ்டாண்டில் இடமில்லை.

"ஆள் பொழச்சியே சங்கிலி, அது போதும்லே. இத பழைய இரும்புக்குத் தள்ளிரு. நம்ம புது வேனுக்கு டிரைவர் வேணும். ஒன்னய விட்டா எனக்கு யாரு இருக்கா?"

சங்கிலிப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலை வள்ளித்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி மோர் குடிக்கியளா?" என்று கேட்டாள்.

"குடு தாயி, குடிக்கேன்."

"குடிச்சிட்டு வெரசா கெளம்புங்க. வெயில் ஏறுது. பூசைக்கு எங்க வண்டி வரும். மூணாம் எடத்துல வேற எதையும் நிறுத்திராதிய."

"ஸ்டியரிங் இல்லாமயா தாயி வரும்? கயித்தக் கெட்டி ஓட்டப் போறானா ஒன் வீட்டுக்காரன்?"

"அது எங்க பாடு அண்ணாச்சி."

அவர் மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து சென்றார்.

அன்று முதல் இருவரும் தேடலானார்கள். வள்ளித்தாய், பழைய தண்டின் நீளத்தைத் தென்னங்கயிற்றில் முடிச்சிட்டு அளந்துகொண்டாள். போல்ட்டு ஓட்டைகளின் மீது கரியைப் பூசி, ஒரு சாக்குத் துண்டில் அவற்றை ஒற்றி எடுத்துக்கொண்டாள். கயிறும் சாக்குமாக அவர்கள் திருநெல்வேலிக் கடைகளில் ஏறி இறங்கினார்கள். ஒரு கடைக்காரர், "இடப்பக்க ராடா? அமெரிக்காவுக்குத் தந்தி அடிம்மா" என்று சொல்லிச் சிரித்தார். இன்னொருவர் ஜீப்பின் தண்டைக் காட்டினார். கயிற்றில் பாதிகூட அது வரவில்லை. ஆரியங்காவுத் தோட்டம் ஒன்றில் டாட்ஜ் கிடப்பதாகக் கேள்விப்பட்டு மலையேறிப் போனார்கள். போன மாதம்தான் அதை உருக்கக் கொடுத்துவிட்டதாக அங்கே தெரிவித்தார்கள்.

இறுதியில், தென்காசியில் பழைய இரும்பு வியாபாரம் செய்த கிதிர் முகம்மது ஆள் அனுப்பினார். ஆலங்குளத்தில் ஒரு அரிசி மில்லின் பின்புறம் கிடந்த டாட்ஜிலிருந்து தண்டைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். வள்ளித்தாய் கயிற்றை வைத்தாள். முடிச்சு பிசகாமல் பொருந்தியது. சாக்குத் துண்டை வைத்தாள், ஓட்டைகளும் பொருந்தின.

"அளவெல்லாம் சரிதான் தங்கச்சி," என்றார் கிதிர் முகம்மது. "ஆனா இது வலப்பக்கத்து வண்டி ராடு. கை வெளிய வாரது அந்தப் பக்கம்லா இருக்கு."

பெட்டியிலிருந்து வெளியே நீண்டு, முன்சக்கரங்களைத் திருப்பும் இரும்புக் கையைத்தான் அவர் சுட்டிக் காட்டினார்.

சங்கிலிப்பாண்டி அதைப் புரட்டிப் பார்த்தான். பல நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "குப்புறத் திருப்பிப் போட்டா கை நம்ம பக்கம் வந்துரும்லா பாய்!"

கிதிர் முகம்மதும் புரட்டிப் பார்த்தார். "அட, ஆமா! ஓட்டையும் சேருதே!" என்றார். வள்ளித்தாய்க்கும் அது சரியென்றே தோன்றியது. மூவரும் அளவுகளைச் சரிபார்த்தார்களே அன்றி, எது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

பூசைக்கு முந்தின நாள் பிற்பகலில் தண்டு பூட்டப்பட்டது. எஞ்சின் உறுமியது. சங்கிலிப்பாண்டி முற்றத்தைவிட்டு வெளியேறுவதற்காகக் கைச்சக்கரத்தை வலப்புறம் திருப்பினான். பிக்கப் இடப்புறம் பாய்ந்து கோழிக்கூட்டைப் பெயர்த்தது. பதறிப்போய் இன்னும் வலப்புறம் ஒடித்தான். வண்டி இன்னும் இடப்புறம் சென்று பலா மரத்தில் முட்டி நின்றது.

தலைகீழாகப் பூட்டிய பெட்டி, எல்லாவற்றையும் தலைகீழாகவே செய்தது.

"சரி, எடத்துக்குத் திருப்பினா வலத்துக்குப் போவுது. அவ்வளவுதானே? நெனப்புல வச்சுக்கிட்டா போச்சு," என்று அவன் மறுபடியும் முயன்றான். சிறிது தூரம் நினைவோடு ஓட்டுவான். குறுக்கே ஒரு கோழி ஓடினால் போதும், கைகள் பழைய வழக்கப்படி திரும்பிவிடும். பட்டாளத்தில் படிந்த பழக்கம் கைகளை விட்டுப் போகவில்லை. கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு அப்படியே அமர்ந்துவிட்டான்.

"கை கேக்க மாட்டேங்குதுட்டி. நான் நாளைக்கு அண்ணாச்சிட்ட போயிச் சொல்லிருதேன்."

"என்னன்னு சொல்லுவிய?"

"வேலைக்கு வாரேன்னு."

வள்ளித்தாய் வண்டியில் ஏறி அவனுக்கு வலப்புறம் அமர்ந்து, கைச்சக்கரத்தை இரு கைகளாலும் பற்றினாள். கீழப்பாவூரில் அவள் தகப்பனார் வீட்டில், வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டியைச் சந்துக்குள் பின்னாகத் தள்ளி நுழைக்கும் வேலை அவளுடையதாக இருந்தது. வண்டியின் பின்புறம் இடப்பக்கம் போக வேண்டுமானால், நுகத்தை வலப்பக்கம் தள்ள வேண்டும். அதை அவள் யோசித்துச் செய்ததில்லை. தோளும் கையும் தாமாகவே செய்யும்.

"நீங்க கால் வேலையப் பாருங்க. கை வேலைய நான் பாக்கேன்," என்றாள்.

"ஒனக்கென்ன கிறுக்கா? வண்டி ஓட்டத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது. அதனாலதான் தப்பா ஓட்டவும் தெரியாது. ஸ்டார்ட் பண்ணுங்க."

தோப்புக்குள் செல்லும் மண்பாதையில் வண்டி நகர்ந்தது. தென்னை மரங்களுக்கு நடுவே அவள் அதை வளைத்து வளைத்துச் செலுத்தினாள். ஒரு மரத்தையும் உரசவில்லை. உரசவிருந்த ஒரே தருணம், அவன் பயந்து சக்கரத்தைப் பிடுங்கிய தருணம்தான்.

"கைய எடுங்க!"

"மரம் வருதுட்டி!"

"மரமா வருது? நாமதான் போறோம். கைய கக்கத்துல வச்சுக்கிட்டு கம்முனு இருங்க."

பொழுது சாயும் முன்பு அவர்கள் ஒருவருக்கொருவர் பழகிவிட்டார்கள். அவள் "ம்" என்றால் அவன் மிதிப்பான். "ஆ" என்றால் பிரேக்கை அழுத்துவான்.

மறுநாள் காலை, சந்தனப் பொட்டும் கதம்ப மாலையும் அணிந்து பிக்கப் தென்காசிக்குப் புறப்பட்டது. இடப்புறம் சங்கிலிப்பாண்டி இரு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, மாப்பிள்ளைபோல் நேராக அமர்ந்திருந்தான். அவன் மனைவி பக்கவாட்டில் சாய்ந்து கைச்சக்கரத்தைப் பிடித்திருந்தாள். மேலகரத்தில் கிணற்றடிப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சிற்றாற்றுப் பாலத்தில் வாழையிலைக் கட்டு ஏற்றிய மாட்டுவண்டி எதிர்ப்பட்டது. "கெணத்துல விழுந்திருவோம்" என்று சங்கிலிப்பாண்டி முணுமுணுத்தான். "இது ஆறு" என்றாள் அவள். வண்டிகள் ஒன்றையொன்று தொடாமல் கடந்தன.

கடைவீதி முனையில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏலே சங்கிலி, யாருலே ஓட்டுதா வண்டிய?"

வள்ளித்தாய்தான் பதிலளித்தாள். "அவியதான்யா ஓட்டுதாவ. அவிய காலு, அவிய லைசென்சு. நான் சும்மா புடிச்சிக்கிட்டு வாரேன்."

போலீஸ்காரர் தன் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பூசை நாளாயிற்றே என்று நினைத்தாரோ என்னவோ, வழிவிட்டார்.

ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. மூன்றாம் இடத்தில் தில்லைநாயகம் அவர்களின் புது வேன், வாழைக்கன்று கட்டி, பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. பூசாரி தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏற்றவில்லை.

சுடலைமாடன் என்னும் டிரைவர்தான் முதலில் பார்த்தவர். "ஏலே, அங்கன பாருங்கல! சங்கிலி கையக் கெட்டிக்கிட்டு வாரான், பொண்டாட்டி வண்டிய வளைக்கா!"

சிரிப்பு எழுந்தது. சங்கிலிப்பாண்டியின் காது மடல்கள் சிவந்தன. கால் பிரேக்கை நோக்கி நகர்வதை வள்ளித்தாய் கண்டாள். "ம்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் மிதித்தான். பிக்கப் வரிசைக்கு எதிரே வந்து நின்றது.

தில்லைநாயகம் அவர்கள் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தார். "இதெல்லாம் செல்லாது தாயி. பொம்பள ஓட்டிட்டு வந்த வண்டிக்கு இங்கன எடம் கெடையாது."

"யாரு வச்ச விதி அண்ணாச்சி அது?"

"காலங்காலமா உள்ளது."

"காலங்காலமா உள்ளது எனக்கும் தெரியும். வண்டி தள்ளாம, இழுக்காம தன்னால வரணும். வந்துருக்கா இல்லியா? யாராவது தள்ளினாவளா? கயித்தக் கெட்டி இழுத்தாவளா?"

"அது வந்துச்சு, வந்துச்சு..." என்றார் சுடலைமாடன். சிரிப்பை நிறுத்தியிருந்தார். "விதிப்படி பாத்தா வந்துட்டுல்லா அண்ணாச்சி."

"நீ சும்மா கெடல!" என்று தலைவர் அவரை அதட்டிவிட்டு, வள்ளித்தாயிடம் திரும்பினார். "ஸ்டியரிங்கே கோணலாம்ல? ஊரெல்லாம் பேசுதாவ. வலத்துக்குத் திருப்பினா எடத்துக்குப் போவுதாமே?"

"ஆமா. போவும்."

"அப்படி ஒரு வண்டிய இங்கன விடச் சொல்லுதியா?"

"அதத்தான் நானும் சொல்லுதேன் அண்ணாச்சி," என்றாள் வள்ளித்தாய், மிகுந்த பணிவோடு. "ஒங்க புது வேன் எங்க எடத்துல நிக்கி. அத ஒட்டி நிறுத்துததா, இடிச்சி நிறுத்துததான்னு எனக்கே தெரியல. பொம்பள பாருங்க, எடமும் வலமும் இன்னும் சரியா பிடிபடல. வேன எடுத்தியன்னா நல்லது. இல்லன்னா... சரி, கடவுள் விட்ட வழி." கணவன் பக்கம் திரும்பாமலே, "ம்" என்றாள்.

சங்கிலிப்பாண்டி இம்முறை தயங்கவே இல்லை. எஞ்சின் உறுமியது. பிக்கப் புது வேனின் பளபளப்பான முகத்தை நோக்கி ஊர்ந்தது.

"ஏலே எடுல! வேன எடுல!" என்று தில்லைநாயகம் அவர்கள் அலறினார். வேன் டிரைவர் ஓடிச் சென்று ஏறினான். வாழைக்கன்று சரிந்து விழ, வேன் பின்வாங்கியது. அது விலகிய இடத்துக்குள் வள்ளித்தாய் பிக்கப்பைச் செருகினாள். இரு பக்கத்து வண்டிகளுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடம் மிச்சமிருந்தது. "ஆ," என்றாள். வண்டி நின்றது.

பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி ஒரு பெருமூச்சுடன் கற்பூரத்தை ஏற்றினார். தீபாராதனை முடிந்தபின் எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாய் நசுங்கின. டாட்ஜின் முறை வந்தபோது சுடலைமாடனே குனிந்து பழங்களை வைத்தார். வள்ளித்தாய் "ம்" என்றதும் டாட்ஜ் அவற்றை நசுக்கிக்கொண்டு ஓரடி நகர்ந்தது.

பூசை முடிந்ததும் வண்டிகள் சுமைக்குப் பிரிந்தன. வாழைத்தார் வியாபாரி ஒருவர் பிக்கப்பின் அருகில் வந்து, தயங்கி, "ஆச்சி, தப்பா நெனைக்காதிய. இப்படி இருக்கிற வண்டியில ஏத்த எனக்குத் தைரியம் இல்ல," என்றார்.

"நீங்க ஏத்த வந்தாலும் நான் ஏத்த விடமாட்டேன்," என்றாள் வள்ளித்தாய். "நல்ல ராடு பூட்டுத வரைக்கும் இது ஓடாது. ஆனா நிக்கது இங்கனதான் நிக்கும்."

கூட்டத்தில் நின்றிருந்த கிதிர் முகம்மது அருகே வந்தார். தன் தவறுக்கும் சேர்த்து அவர் முகம் வாடியிருந்தது. "கொல்லத்துல ஒரு எஸ்டேட்காரர்ட்ட இடப்பக்கத்து டாட்ஜ் கெடக்குன்னு சொல்லுதாவ தங்கச்சி. நெசமான்னு தெரியல."

"போயிப் பாத்தா தெரியும்லா பாய்." அவள் கயிற்றையும் சாக்குத் துண்டையும் எடுத்துக் கணவனிடம் கொடுத்தாள். "இந்தாங்க. நீங்களும் பாயும் செங்கோட்டை பஸ்ஸைப் புடிங்க. இந்தத் தடவ திருப்பிப் பாத்துட்டு வாங்குங்க."

"நீ?"

"நான் இங்கனதான் இருப்பேன். எடத்தக் காலியா விட்டுட்டுப் போகச் சொல்லுதியளா?"

சங்கிலிப்பாண்டி இறங்கினான். தில்லைநாயகம் அவர்களின் எதிரே நடந்து செல்ல வேண்டியிருந்தது. அவன் தலை நிமிர்ந்தே கடந்தான். வள்ளித்தாய் டிரைவர் இருக்கையில் நகர்ந்து அமர்ந்து, பொரியும் கடலையும் இருந்த பொட்டலத்தை மடியில் பிரித்துக்கொண்டாள்.