நார்மத்துக்கு ஊற்றிய தேநீர்

படுக்கையிலிருந்து கக்கூஸுக்கு முப்பத்தெட்டு அடி. கதவு வரைக்கும் ஒன்பது, படியில் ஒன்று, அப்புறம் முற்றத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருபத்தெட்டு. கயிறு கட்டியது எகம்பெர்தியின் மனைவி சலோமத். துணி காயப்போடுகிற கயிறுதான், அதை அவிழ்த்து வாசல் தூணிலிருந்து பாதாமி மரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தாள். "மாடு மாதிரி என்னைக் கயித்துல விட்டுட்டியே" என்று முதல் நாள் எகம்பெர்தி கத்தித் தீர்த்தார். மறுநாள் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போனார். போகாமல் என்ன செய்வார்?

கோக்கந்துக்கும் ரிஷ்தானுக்கும் இடையில் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். எந்தப் பள்ளத்தில் எந்தச் சக்கரம் இறங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த மனிதர் இப்போது சொந்த வீட்டு நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொள்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆவதற்குள் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போனது. வலது கண் முதலில் போனது. இடது கண் சாவித் துவாரம் அளவுக்குச் சுருங்கி, இந்தக் குளிர்காலத்தில் அதுவும் அடைத்துக்கொண்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஃபெர்கானா டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளிப்பார்வைக்குக் கண்கள் பழையபடியே இருந்தன. அது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த பெருமை.

பழகிக்கொள்ளலாம் என்று வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது? சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, சூப்பில் எலும்பைத் தேடித் தேடிக் கடைசியில் கையை விட்டு எடுத்துத் தின்றுவிட்டு, பகலா இரவா என்று சேவல் கூவுவதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு கிடப்பதற்குப் பழகிக்கொள்வது என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தேநீர் ஊற்றுவதை மட்டும் அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். தனக்கென்றால் விரலைக் கிண்ணத்துக்குள் விட்டு, சுடும்போது நிறுத்திக்கொள்ளலாம். விருந்தாளிக்கு அப்படி ஊற்ற முடியுமா, அசிங்கம் இல்லையா? அதற்காகவே பல நாள் பயிற்சி செய்தார். கெண்டியைச் சாய்த்து மூன்று எண்ணி நிமிர்த்தினால் சரியாகக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு. மதிக்கிற ஆளுக்கு அதுதான் அளவு. குறைவாக ஊற்றினால்தானே திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்துக்கொண்டு கூட உட்கார்ந்திருப்பார்? நிறைய ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். கண் தெரிந்த காலத்தில் ஒருமுறை சலோமத்தின் தம்பி வந்து மூன்று நாள் நகராமல் கிடந்தபோது, எகம்பெர்தி வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி நீட்டினார், அவ்வளவுதான். அவன் முகம் சுண்டிப்போய் எழுந்து போனான். அப்புறம் நான்கு வருஷம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நார்மத் விஷயத்துக்கு வருவோம்.

நார்மத் டிப்போவில் மெக்கானிக். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த சிநேகிதர்கள் மாதிரி இருந்தவர்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாலை, எகம்பெர்தியின் பஸ் கிர்ணிப்பழம் ஏற்றி வந்த ஒரு கழுதை வண்டியை இடித்தது. வண்டி வலது பக்கத்துச் சந்திலிருந்து வந்தது. கழுதை செத்தது, வண்டிக்காரர் கால் முறிந்து ஆயுசுக்கும் நொண்டியானார். விசாரணையில், மிதித்தேன், பிரேக் பிடிக்கவில்லை என்றார் எகம்பெர்தி. அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். கண்ணெதிரே இல்லாத வண்டி திடீரென்று முளைத்தால் வேறு எதை நினைப்பது? அன்று காலை அந்தப் பஸ்ஸைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் நார்மத். அவருக்கு வேலை போனது. அதன்பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவில்லை.

போன வருஷம் ஃபெர்கானா டாக்டர் கண்ணைச் சோதித்துவிட்டுச் சாதாரணமாக ஒன்று சொன்னார். வலது பக்கத்து ஓரப்பார்வை பதினைந்து வருஷமாகவே தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது, அது உங்களுக்கே தெரிந்திருக்காது என்றார். எகம்பெர்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. வண்டியை அவர் பார்க்கவே இல்லை, பார்க்காத வண்டிக்கு எப்படிப் பிரேக் மிதித்திருப்பார்? வீடு திரும்பும் வழியெல்லாம் சலோமத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதன்பிறகு அவருக்கு வாழ்க்கையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நார்மத்திடம் அதைச் சொல்ல வேண்டும். இரண்டு முறை ஆள் விட்டார், பதில் இல்லை. மார்ச் மாதம் திடீரென்று சேதி வந்தது. நார்மத் கோக்கந்து வீட்டை விற்றுவிட்டு, ரஷ்யாவில் ஒரென்பர்கில் இருக்கும் மகளோடு இருக்கப் போகிறார், திரும்பி வருவதில்லை. புதன்கிழமை விடிகாலை ரயில். தூரதேசம் போகிறவர் மனஸ்தாபம் உள்ளவர்களிடம் போய், மனசில் ஒன்றும் இல்லையே என்று கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதற்காகச் செவ்வாய் மதியம் வருகிறார்.

கண் தெரியாததை நார்மத்திடம் காட்டிக்கொள்வதில்லை என்று எகம்பெர்தி பிடிவாதமாக நின்றார். சலோமத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொன்னா என்னங்க கொறஞ்சு போயிடுவீங்க?"

"குருடன்னு தெரிஞ்சா உடனே மன்னிச்சுடுவான். ஐயோ பாவம்னு மன்னிப்பான். எனக்கு அது வேணாம். பண்ணினதுக்குத் திட்டணும், நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும், அப்புறம் மன்னிச்சா மன்னிக்கட்டும். கண்ணைப் பத்தி அப்புறம் சொல்லிக்கலாம்."

அவளைப் பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். போவதற்கு முன் முற்றத்துக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார், அது காட்டிக் கொடுத்துவிடும் என்று. அவள் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தாள். முற்றத்தில் பாதாமி மரத்துக்குப் பக்கத்திலிருந்த மரக்கட்டிலில் மெத்தை விரித்து, கெண்டியை வலது கைக்கு, கிண்ணங்களை இடது கைக்கு, ரொட்டியையும் உலர்ந்த திராட்சையையும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். தொப்பியை நேராக்கிக்கொண்டு எகம்பெர்தி காத்திருந்தார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படிப் படபடத்திருக்காது.

தெருக்கதவு திறந்தது. கால் தேய்த்து நடக்கும் சத்தம். முன்பு நார்மத் அப்படி நடக்கமாட்டார். எகம்பெர்தி கையை நீட்டியபடியே இருந்தார், நார்மத் வந்து பிடித்துக்கொண்டார். உட்கார்ந்தார். பிள்ளைகள் நலமா, வீடு நல்ல விலைக்குப் போனதா, வழியில் பனி இருந்ததா என்று வழக்கமான விசாரிப்பு. மருமகன் காரோடு தெருவில் நிற்கிறான், நிறைய நேரம் இல்லை என்றார் நார்மத். புது விலாசத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருப்பதாகவும் போகும்போது தருவதாகவும் சொன்னார். பேச்சு கீழேயிருந்து வந்தது. மனிதர் தலையை நிமிர்த்தவே இல்லை என்று எகம்பெர்திக்குப் புரிந்தது. நல்லதாகப் போயிற்று, கண்ணைப் பார்க்கமாட்டார்.

சாயம் நன்றாக இறங்குவதற்காக, வழக்கப்படி முதல் ஊற்றலை மூன்று தடவை கெண்டியிலேயே திருப்பி ஊற்றினார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இனி விருந்தாளியின் கிண்ணம். கெண்டியைச் சாய்த்தார். ஒன்று.

"எகம்பெர்தி, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் காலையில நான் அந்தப் பஸ்ஸுக்கு அடியில படுத்துப் பாக்கலைடா. மேலோட்டமாப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டேன். பன்னெண்டு வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன், ஆனா ராத்திரி ஆனா அந்தப் பிரேக்கைத்தான் கழட்டிக் கழட்டிப் பாப்பேன். நான்தான் தப்பு. அந்தாளு கால் போனதும் என்னாலதான். உன் வாயால, மனசுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லு. இல்லைன்னா என்னால ரயிலேற முடியாது."

இல்லாத குற்றத்தை இந்த மனிதர் பன்னிரண்டு வருஷமாகச் சுமந்திருக்கிறார். அதைச் சுமக்க வைத்தது எகம்பெர்திதான். எங்கே ஆரம்பிப்பது, டாக்டரிலிருந்தா, அந்தச் சந்திலிருந்தா? கெண்டியை நிமிர்த்திக் கீழே வைத்தார். இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையால் கிண்ணத்தை அடியில் தாங்கி நீட்டினார். கை கனத்தது. கட்டைவிரலில் ஒரு சொட்டுச் சூடு விழுந்தது. கை நடுங்குகிறது என்று நினைத்தார். அவர் முதல் மிடறு குடிக்கட்டும், சொல்லிவிடலாம்.

நார்மத் கிண்ணத்தை வாங்கினார். குடிக்கும் சத்தம் வரவில்லை. துணி விரிப்பில் கிண்ணத்தை வைக்கும் சத்தம்தான் வந்தது, மெதுவாக, ரொம்ப மெதுவாக.

"சரி" என்றார் நார்மத். "கேட்டது என் கடமை. நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டே."

கட்டில் கிறீச்சிட்டது. எகம்பெர்திக்கு ஒன்றும் புரியவில்லை. தான் இன்னும் வாயே திறக்கவில்லையே!

"நார்மத், உக்காரு. அந்தப் பிரேக்கு…"

"வேணாம், எகம்பெர்தி. வாயால வேற கேக்கணுமா?"

காலணியை மாட்டும் சத்தம். தேய்த்துக்கொண்டு போகும் கால்கள். எகம்பெர்தி கட்டிலிலிருந்து குதித்தார், கால் செருப்பைத் தேடியது, கிடைக்கவில்லை, வெறுங்காலோடு ஓடினார். கை கயிற்றுக்காகத் துழாவியது. கயிறு எங்கே? அவர்தானே அவிழ்க்கச் சொன்னார். காற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி போனார், பாதாமி மரம் நெஞ்சில் மோதியது, திரும்பினார், எந்தப் பக்கம் திரும்பினோம் என்பது தெரியவில்லை. "நார்மத், நில்லுடா!" என்று அவர் கத்தியபோது தெருவில் கார் கிளம்பிவிட்டது. முழங்கால் அடுப்படிப் படியில் இடிபட அப்படியே விழுந்தார்.

சலோமத் ஓடி வந்தாள். தெருக்கதவுக்கு எதிர்ப்பக்கம், அடுப்படிச் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவரைத் தூக்கி, கட்டிலில் உட்கார வைத்தாள். நடந்ததை அவர் திக்கித் திணறிச் சொன்னார். அவள் விரிப்பைச் சுருட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்தக் கிண்ணம் யாருக்கு ஊத்தினது?"

"அவனுக்குத்தான். ஏன்?"

அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"விளிம்பு வரைக்கும் நெறைஞ்சிருக்குங்க."

எகம்பெர்தி கையை நீட்டினார். அவள் அவர் விரலைப் பிடித்துக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். நகம் தொட்ட இடத்திலேயே தேநீர் இருந்தது. ஒன்று எண்ணியது ஞாபகம் வந்தது. இரண்டு எண்ணினாரா? விரலை எடுக்காமலே, "எழுதிடு, சலோமத்" என்றார். "குருடன்னே எழுது. ஐயோ பாவம்னு மன்னிச்சாலும் பரவால்ல."

எங்கே எழுதுவது? விலாசம் எழுதிய தாள் நார்மத்தின் சட்டைப் பையிலேயே போய்விட்டது. இருட்டுவதற்குள் சலோமத் மினிபஸ் பிடித்து கோக்கந்துக்குப் போனாள். விற்ற வீட்டில் புது ஆட்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய வீட்டுக்காரர் நேற்றே சாமான்களை அனுப்பிவிட்டார், இன்று யார் வீட்டில் தங்கியிருக்கிறாரோ தெரியாது என்றார்கள். விடிகாலை வரை ஸ்டேஷனில் நின்று, ரயில் புறப்படுகிற வரை பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் ஆள் அகப்படாமல் திரும்பினாள். டிப்போ மூடிக் கிடந்தது. பழைய ஆட்களில் இருவரைக் கண்டுபிடித்துக் கேட்டாள். நார்மத்தோடு அவர்களுக்கும் தொடர்பு விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரென்பர்க் பெரிய ஊர் என்று மட்டும் சொன்னார்கள்.

கயிற்றை அவள் மறுபடி கட்டினாள். எகம்பெர்தி அதைப் பிடித்துக்கொண்டு போகிறார், வருகிறார். சில நாள் பாதி வழியில் நின்றுவிடுவார். அந்த ஊரில் ஒரு மனிதர் இன்றைக்கும் ஒரு கோளாறும் இல்லாத பிரேக்கைக் கழற்றிக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைப்பார். சலோமத் வந்து கையைப் பிடித்தால் நடப்பார்.

தேநீர் ஊற்றும்போது இப்போது அவர் எண்ணுவதில்லை. யார் வந்தாலும் விரலைக் கிண்ணத்துக்குள் விட்டுத்தான் ஊற்றுகிறார்.