கராம்புப் புகை

தில்லைநாயகி தன் தங்கக் காப்பைக் கழற்றிக் கிண்ணத்துப் பாலுக்குள் உரசினாள். பிறகு கரண்டி நுனியால் அந்தப் பாலைத் தொட்டுத் தம்பியின் உதட்டில் தடவினாள். பால் உள்ளே போகவில்லை. கடைவாயால் வழிந்து தலையணையில் ஊறியது.

“பொன்னாசையும் இல்லைப் போல,” என்றாள்.

மண்ணாசை காலையிலேயே தோற்றுப்போயிருந்தது. யன்னலோரம் கறிவேப்பிலை நின்ற சாடியிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து, தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அதிலும் ஒரு சொட்டுத் தடவிப் பார்த்தாள். “மாமி, அது கடையில பையோட வாங்கின மண்,” என்று தம்பியின் மகள் லக்சிகா சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உயிர் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு ஊரில் செய்வது இதுதான். ஏதோ ஓர் ஆசை பிடித்து வைத்திருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டால் மனுஷன் சுகமாகப் போய்விடுவான். பாரிசின் புறநகர் ஓல்னே-சூ-புவாவிலிருந்து விடிய முன்னமே வந்திறங்கிய தில்லைநாயகி அந்த ஆசையைத் தேடித்தான் வீட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

தம்பி பாலச்சந்திரனின் மனைவி தயாளினிக்கு அது என்னவென்று தெரியும். பேச்சு இருந்த கடைசி நாளில் அவர் அவளிடம் கேட்டிருந்தார்: “தயா, ஒரு கராம்புச் சிகரெட் கிடைக்குமோ?”

“பாப்பம்,” என்று சொல்லியிருந்தாள். சின்னப் பிள்ளைகளை ஏமாற்றச் சொல்லும் அதே ‘பாப்பம்’. அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. மூச்சு மட்டும் கரகரவென்று வந்து போனது.

அந்தப் பழக்கம் ஜகார்த்தாவில் தொற்றியது. பிரான்சுக்குக் கூட்டிவருகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் அவரை அங்கே ஓர் அறையில் போட்டுவிட்டு மாயமாகிவிட்டான். மாதக்கணக்காய் அடைந்து கிடந்தவருக்குத் துணை அந்தச் சிகரெட்தான். புகையிலையோடு கராம்பைச் சேர்த்துச் சுற்றியிருப்பார்கள். இழுக்க இழுக்கக் கடுகு தாளிப்பதுபோலப் படபடவென்று பொரியும். பாரிசுக்கு வந்து ரெஸ்ரோரன்ற் குசினிகளில் நின்ற காலமெல்லாம் அது அவர் சட்டைப்பையில் இருந்தது. கல்யாணம் முடித்து வந்த தயாளினிக்கு அந்த மணம் முதல் நாளே பிடிக்கவில்லை. “பல்லுக்கொதிக்கு மருந்து வைச்ச வாய் மாதிரிக் கிடக்கு,” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பிறகு சட்டம் வந்தது. வாசனை சேர்த்த சிகரெட்டால் இளம் பிள்ளைகள் மயங்கிப் பழகிவிடுகிறார்களாம், இனி விற்கக்கூடாதாம். “நான் ஆர், பச்சைப்பிள்ளையோ?” என்று பாலச்சந்திரன் வீடு அதிரக் கத்தினார். தயாளினி ஒருவருக்கும் சொல்லாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். சனியன் விட்டது என்றுதான் நினைத்தாள். மனுஷன் எங்கே விட்டார்? சாதாரண சிகரெட்டுக்கு மாறி, ருசியில்லை ருசியில்லை என்று சொல்லிச் சொல்லியே ஒன்றுக்கு இரண்டாய் ஊதித் தள்ளினார். கராம்பை இடித்து அதற்குள் அடைத்தும் பார்த்தார். பொறி பறந்து சேட்டெல்லாம் ஓட்டையானதுதான் மிச்சம்.

“மச்சாள், கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ. இந்தா வாறன்.” தயாளினி வீட்டுச் சட்டைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

லாச்சப்பல் மெற்றோப் பாலத்தின் கீழே பொடியன்கள் கைக்குள் பெட்டியை மறைத்துச் சிகரெட் விற்றுக்கொண்டு நின்றார்கள். பிறந்த நாளிலிருந்து சிகரெட் வாங்கியறியாதவள் கூசிக் கூசிப் போய், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கராம்புச் சிகரெட் கேட்டாள். ஒருவன் சிரித்தான். “மதாம், அது இப்ப ஒருத்தரிட்டையும் இல்லை,” என்று பிரெஞ்சில் சொன்னான்.

வழக்கமாய் மரக்கறி வாங்கும் மதுஷனின் கடைக்குள் போய் மெல்லக் கேட்டாள்.

“ஐயோ அக்கா, உந்தச் சிகரெட்டை வித்தா என்ரை கடையை இழுத்து மூடிப்போடுவாங்கள்,” என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “அண்ணைக்கோ?”

“ஓம்.”

அவன் உள்ளே போய் ஒரு பக்கெற் கராம்பை எடுத்துவந்து அவள் கையில் வைத்தான். “என்னட்டை இதுதான் அக்கா இருக்கு,” என்றான்.

அவள் திரும்பி வந்தபோது தாதி ஜிஸ்லேன் கட்டிலருகே நின்றாள். ஒக்சிஜன் மெஷின் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. பக்கெற்றைக் கண்டதும் தில்லைநாயகிக்குச் சுர்ரென்று ஏறியது.

“சாகிற நேரத்திலையும் உந்தக் கோதாரியோ? அதுதானே என்ரை தம்பியைத் திண்டது!”

“திண்டதுதான் மச்சாள். ஆனா அவர் கேட்டது இதைத்தான்.” தயாளினி மகளின் பக்கம் திரும்பினாள். “பிள்ளை, அப்பான்ரை சிகரெட் ஒண்டுக்கை இதை வைச்சு, ஒருக்காக் கொளுத்தலாமோ எண்டு கேள்.”

லக்சிகா தாதியிடம் கேட்கவேயில்லை. “அம்மா, ஒக்சிஜன் ஓடுது! நெருப்பு வைச்சா வீடே பத்திடும். கூடாது, அன்தெர்தி!”

“எங்கை போனாலும் அன்தெர்தி,” என்றாள் தயாளினி. “சாகிற மனுஷன் ஒண்டே ஒண்டு கேட்டார். அதையும் குடுக்க ஏலாத பாவியாப் போனன்.”

தயாளினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பக்கெற்றைப் பல்லால் கிழித்தாள். நாலைந்து கராம்பை வாயில் போட்டு நொறுக்கினாள். நாக்கு எரிந்து கண்ணில் நீர் முட்டியது. அப்படியே குனிந்து, அவர் மூக்கருகே வாயை வைத்து மெல்ல ஊதினாள்.

ஜிஸ்லேன் அவளைப் பார்த்தாள். பிறகு தானே கை நீட்டி, அவர் மூக்கிலிருந்த குழாயைச் சற்றுக் கீழே இறக்கிவிட்டாள்.

தயாளினி திரும்பவும் ஊதினாள். அவர் மூக்குத் துவாரம் விரிந்தது. காய்ந்த உதடுகள் மெல்லக் குவிந்தன. கன்னம் குழிவிழ ஓர் இழுவை இழுத்தார், நிறுத்திவைத்தார், பிறகு நெடுநேரம் வெளியே விட்டார். அந்த மூச்சு அவள் முகத்தில் நேராகப் பட்டது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

“நல்லா இழுங்கோ,” என்றாள். “இழுங்கோ அப்பா. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

இன்னொரு தரம் இழுத்தார். அதைவிட மெல்ல இன்னொரு தரம். அதற்குப் பிறகு அவள் ஊதியது மட்டும்தான் போனது, அங்கேயிருந்து ஒன்றும் வரவில்லை.

ஜிஸ்லேன் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையைப் போர்வைமேல் வைத்தாள். போய் மெஷினை நிறுத்தினாள். தில்லைநாயகி “என்ரை ராசா” என்று குழறிக்கொண்டு தம்பியின் காலடியில் விழுந்தாள்.

“அம்மா,” என்று லக்சிகா தாயின் தோளைத் தொட்டாள். “அம்மா, காணும், விடுங்கோ.”

தயாளினி பக்கெற்றிலிருந்து இன்னும் இரண்டு கராம்பை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.