பாதித் தாள்

ஞானஸ்நானம் எடுத்து ஏழு மாதம் ஆகியும் அவளுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரிலிருந்து எழும்போது உள்ளம் பொங்கும் என்று சபையில் சொல்லியிருந்தார்கள். அவளுக்குத் தும்மல்தான் வந்தது. அதற்காக விட்டுவிடவும் மனமில்லை. தினம் காலையில் ஜெபித்தாள், பொய் சொல்வதை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறையில் அவளுக்கு வேலை. அறைக்குப் பொறுப்பு, கூடப் பிறந்த அக்கா. யார் யார் கையையோ காலையோ பிடித்து அக்கா வாங்கிக் கொடுத்த வேலை அது. தங்கை மதம் மாறியபோதும் அவள் ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. "எந்தச் சாமியைக் கும்பிட்டா என்னடி, வேலைக்கு நேரத்துக்கு வந்து சேரு" என்றதோடு சரி.

தினமும் காலையில் ஒரு சோதனைத் தாளை வைத்து இயந்திரத்தைக் காலியாக ஓட்ட வேண்டும். நீராவி எல்லா மூலைக்கும் போயிருந்தால் தாள் ஒரே சீராகக் கறுக்கும். அதைப் பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகே கருவிப் பெட்டிகளை ஏற்றலாம். அரைமணி நேரத்தைத் தின்கிற வேலை. அதனால் அங்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது. கறுத்த தாளை இரண்டாக வெட்டி, பாதியை இன்றைக்கும், மீதியை இயந்திரத்தை ஓட்டிப் பார்க்காமலே நாளைக்கும் ஒட்டிவிடுவார்கள். அந்த அறையில் கத்தரிக்கோல் பிடித்த எல்லோருக்கும் இது தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் ஒட்டியது திங்கட்கிழமைத் தாளின் மீதி. ஏழு மாதமாக ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று நினைத்திருந்தவள், ஒருநாள் விட்டு ஒருநாள் பொய்யை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாம் கைப்பழக்கம். மனசு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னாள்.

"அதுக்கு இப்ப என்ன செய்யணுங்கிறே?"

"மேல போன பெட்டியெல்லாம் திரும்ப வரணும்க்கா. மேட்ரன்கிட்ட சொல்லணும்."

"உனக்கென்ன பைத்தியமா? பொறுப்பு என் பேர்ல இருக்கு. என் தலைதான்டி உருளும்."

"தெரியும்க்கா."

"நாளையிலேர்ந்து முழுத் தாளா ஒட்டிக்கோ, யாரு வேணாங்கிறா? இன்னைக்கு வாயை மூடிட்டு இரு."

நல்ல யோசனைதான். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்வோம். பிறகு ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு மன்னிப்பும் கேட்டுக்கொள்வோம். அவள் அலமாரி ஓரமாக நின்று ஜெபித்துப் பார்த்தாள். பதிலில்லை. பயம்கூட வரவில்லை. மாடியில் கத்திக்குக் காத்துக் கிடக்கிறவர்கள் மட்டும் நினைவுக்கு வந்தார்கள். படியேறிப் போய் மேட்ரனிடம் சொல்லிவிட்டாள்.

பெட்டிகள் திரும்பி வந்தன. மூன்று ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. இயந்திரத்தைக் காலியாக ஓட்டிப் பார்த்தார்கள். தாள் அழகாக, ஒரே சீராகக் கறுத்திருந்தது. ஒரு கோளாறும் இல்லை! இத்தனை கூத்தும் எதற்கு என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆனாலும் பழைய பதிவேடுகளைப் புரட்டாமல் விடுவார்களா? பாதியும் மீதியும் பக்கத்துக்குப் பக்கம் பொருந்தின. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அக்காவைச் சலவைப் பகுதிக்குத் தூக்கிப் போட்டார்கள்.

"உன் சாமி உன்கிட்ட உண்மையைக் கேட்டாரு, சரி. அதுக்கு என் வேலையையா காணிக்கை போட்டே?" என்று கேட்டாள் அக்கா. அதன்பிறகு பேச்சில்லை. அழுக்குத் துணி வண்டியோடு எதிரே வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நடந்ததைச் சொன்னாள்.

"சமாதானம் கிடைச்சுதாம்மா?" என்றார் பாஸ்டர்.

"இல்லைங்க பாஸ்டர். ஒண்ணுமே தோணல."

பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், அறையின் ஜன்னலண்டை அக்கா வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. இத்தனை மாதத்தில் அன்றுதான் தங்கைக்குள் ஏதோ வலித்தது.

"வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். பித்தப்பையில கல்லு."

"அக்கா..."

"என் பெட்டியை நீயே ஏத்து. வேற யார் கையெழுத்தும் வேணாம்." இரண்டடி போய் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. "உன்னை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காத."