பெண்கள் படிக்கட்டு

அந்த மருத்துவக் கல்லூரியில் ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. இரண்டும் ஒரே மாடிக்குத்தான் போகின்றன. பெண்களுடையது கொஞ்சம் நீளம். டோக்கியோவில் யாரும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை.

நுழைவுத் தேர்வுக்கு ஃபுமியேவும் அவளோடு பிறந்த இரட்டைத் தம்பி தகுமாவும் சேர்ந்துதான் வந்தார்கள். டாக்டராக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே தவித்தவள் அவள். அவனுக்கு அப்படி ஒன்றுமில்லை. அக்கா விண்ணப்பித்தாள், அவனும் விண்ணப்பித்தான்.

காவலாளி அவனுக்கு ஒரு பென்சில் கொடுத்தார். அவளுக்குப் பென்சிலோடு ஒரு தேநீர்க் கெண்டியும் கொடுத்தார்.

"இது எதுக்கு?"

"மேல தேர்வு நடத்துறவங்களுக்கு. ஆறாம கொண்டு போம்மா."

தம்பி நாலே எட்டில் மேலே போய்விட்டான். அவள் ஏறினாள்.

முதல் திருப்பத்தில் கிமோனோ அணிந்த பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மனைவியாகவும் அறிவுள்ள தாயாகவும் ஆனதும் மேலே விடுவார்களாம்.

"ஆயிட்டீங்களா?"

"அது எப்பவோ ஆயாச்சு. யாரும் வந்து கூப்பிடலை."

அடுத்த திருப்பத்தில் அலுவலகச் சீருடைப் பெண்கள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். எந்த மேலாளருக்கு எந்தக் கோப்பை என்பது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"கல்யாணம் எப்போ?"

"பரீட்சைக்குப் போறேன்."

"சரி, எப்போ?"

கால் கடுத்தது. அழுகை வந்தது. கையில் கெண்டி இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. தேநீர் மட்டும் ஆறவே இல்லை.

மேலே ஒரு நரைத்த பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். தகுமாதான்; அவள் ஏறி முடிப்பதற்குள் அவனுக்கு அத்தனை வருஷம் ஓடியிருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து பரீட்சை எழுதிக் கொடுத்ததை நிதானமாகத் திருத்தினான்.

"எல்லாமே சரி அக்கா. ஆனா லேட்டா வந்திருக்கே. ஏறின ஒவ்வொரு படிக்கும் ஒரு மார்க் குறைக்கணும்."

"உனக்குக் குறைச்சாங்களா?"

தகுமா யோசித்தான். "எனக்குப் படி ஏறின ஞாபகமே இல்லையே."

பொய் சொல்லவில்லை, பாவம். கழித்துப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் கோப்பையை நீட்டினான்.

ஃபுமியே ஊற்றவில்லை. கெண்டியை அவன் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசிப் படியைப் பிடித்து இழுத்தாள். சும்மா வைத்த பலகைபோல அது கையோடு வந்தது. படிக்கட்டு அந்த அளவுக்குக் குட்டையானது.

கீழே கெண்டியோடு ஏறி வந்துகொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, பரீட்சை முடிஞ்சிருச்சா?"

"எனக்கு முடிஞ்சிருச்சு. உனக்கு ஒரு மார்க் கூடியிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஃபுமியே அடுத்த படியில் கை வைத்தாள்.