நாற்பது மஞ்சப்பை

கல்யாண ஜவுளி எங்கே எடுப்பது என்று கேட்டால், எழுபத்தெட்டில், எங்கள் உத்தமபாளையத்தில் பால் குடிக்கிற பிள்ளைகூட மதுரை என்றுதான் சொல்லும். அங்கே ஒரு பெரிய கடைக்காரன் இலவசமாக வேன் விட்டிருந்தான். திரும்பி வரும்போது ஆளுக்கொரு மஞ்சப்பை, அதில் கடைப் பெயர். அந்தப் பையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் தவசி, டெய்லர். பதினொரு வருடமாக வைகுண்டராஜ் முதலாளியின் ஜவுளிக்கடை வாசலில்தான் என் மெஷின். உள்ளே துணி எடுப்பவர்கள் என்னிடம் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளே அவர் ஈ ஓட்டினால் வாசலில் நானும் ஓட்ட வேண்டியதுதான். இந்த ஆவணியும் இப்படியே போனால் கடையை மூடிவிட்டு ஏலக்காய் வியாபாரத்துக்குப் போகப் போவதாக அவர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மதுரைக்காரனுக்குப் பயந்தா மூடுறீக?" என்று கத்தினேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம ஊர்க்காரனே நம்ம கடைக்கு வராட்டி நான் என்ன செய்யட்டும் தவசி?"

அந்தச் சொல்லுக்காகத்தான் சைக்கிளை எடுத்தேன். அனுமந்தன்பட்டியில் அந்த ஆவணியில் ஏழு கல்யாணம். நடவுக்கு ஆள் சேர்க்கிற மாயக்காள் சொன்னால் அங்கே பெண்கள் கேட்பார்கள். அவள் அண்ணன் மகளும் அந்த ஏழு கல்யாணப் பெண்களில் ஒருத்தி.

"ஆத்தா, தனித்தனியா வேன் ஏறாம ஏழு வீடும் சேந்து ஒரே நாள்ல நம்ம கடைக்கு வாங்க. கடையும் பொழைக்கும், நானும் பொழைச்சிக்கிருவேன்."

"வாரோம். ஆனா நல்ல நாளா இருக்கணும். முகூர்த்தச் சேலையாக்கும்" என்றாள்.

காலண்டரைப் புரட்டியதில், ஜவுளி எடுக்கத் தோதான வளர்பிறை வெள்ளி ஒன்றே ஒன்றுதான் தேறியது. சொன்னதும் முதலாளி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மகள் செல்வமணிக்கும் அதே மாதம்தான் கல்யாணம். அவளுக்கு ஜவுளி எங்கே என்று நான் கேட்கவில்லை. சொந்தக் கடை வைத்திருப்பவரிடம் அதைக் கேட்பானேன்? நான்தான் மடையன்.

மதுரைக்காரனுக்கு மட்டும்தான் பை உண்டா என்று நானும் ரோஷத்தில் நாற்பது பை தைத்தேன். காடாத்துணியில் மஞ்சள் சாயம் ஏற்றி, முதலாளி பெயர் எழுதிய வெள்ளைத் துணியை ஒவ்வொன்றிலும் வைத்து, சிவப்பு நூலால் நாலு பக்கமும் அடித்தேன். கூலி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு டிராக்டரில் நாற்பது பெண்கள் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பை கொடுத்து உள்ளே அனுப்பினேன். பாயில் இடமில்லை. முதலாளி சிரித்த சிரிப்பில் பதினொரு வருடமாக நான் பார்க்காத பல்லெல்லாம் தெரிந்தது. மாயக்காள் தன் அண்ணன் மகள் தோளில் ஓர் அரக்குச் சேலையைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் ஹாரன் சத்தம். மதுரைக் கடை வேன். விடியுமுன்பே போனவர்கள் போல. முதலாளியின் மனைவி அன்னத்தாய் முதலில் இறங்கினாள், பின்னால் செல்வமணி, அப்புறம் சொந்தபந்தம். எல்லார் கையிலும் மதுரைப் பை.

உள்ளே இருந்த நாற்பது பேரும் வாசலைப் பார்த்தார்கள். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டாக மதுரை ஜவுளிதான் வேணும்னுட்டாக. சபையில நாலு பேரு பையப் பாப்பாகள்ல. இன்னிக்கு விட்டா வேற நல்ல நாளும் இல்ல."

"ஒங்க மகளுக்கு ஆகாத சேலை எங்க பிள்ளைகளுக்கு மட்டும் ஆகுமா மொதலாளி?" மாயக்காள் அரக்குச் சேலையை உருவி, மடித்து, அவர் முன்னால் வைத்தாள்.

 என் கையில் கத்தரி இருந்தது. நல்லவேளை, கீழே வைத்துவிட்டேன். இது எதுவும் தெரியாத அன்னத்தாய் என் மெஷின்மேல் பட்டுத் துண்டுகளை அடுக்கினாள். "தவசி, பிள்ளைக்கு ரவிக்கை. புதன்கிழமைக்குள்ள தச்சிரு. மதுரையில கூலி கொள்ளையா கேக்குறான்."

"பை மட்டும் மதுரைப் பை, தையல் மட்டும் இந்த ஊர்த் தையலாம்மா? அங்கனயே போய்த் தச்சுக்கங்க!" துண்டுகளை வாரி அவள் கையிலேயே திணித்தேன்.

"ஏலே, பதினோரு வருசம் எடம் குடுத்தவன்லே நான்!" என்றார் முதலாளி.

"நான் நாப்பது பேரைக் குடுத்தேன்ல! ஊருக்குத்தான் ஒங்க உபதேசம்!"

மாயக்காள் குறுக்கே வந்தாள். "சண்டையப் பெறகு போடுங்க. நல்ல நேரம் போகுது. வேற கடை எங்கன இருக்கு?"

எதிர்ச் சாரியில் பொன்னுராஜின் சின்னக் கடை. காலியான கடைக்குள் அவன் வாயைப் பிளந்தபடி நின்றிருந்தான். நாற்பது பேரும் ரோட்டைக் கடந்தார்கள். நான் மெஷினின் தலையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பொன்னுராஜிடம் பை ஏது? எடுத்த சேலைகளைப் பழைய பேப்பரில் சுற்றப் போனான். மாயக்காள் தடுத்தாள். நான் கொடுத்த பையை எடுத்தாள். அதிலிருந்த பெயரைப் பார்த்தாள். பிறகு கையை உள்ளே விட்டு, பையின் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினாள். அவளைப் பார்த்து ஒவ்வொருத்தியாக அப்படியே செய்தார்கள். எதிரே வைகுண்டராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் உள்ளே போய்விட்டது. வெளியே என் தையல் மட்டும் தெரிந்தது.