பயிற்சி நாற்காலி

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நன்கொடைப் பிரிவுக்கு முதன்முதலாகப் பயிற்சி நடந்த அன்று, வரிசையாகப் போட்டிருந்த காலி நாற்காலிகளில் ஒன்றில், ரசீதம்மாவின் வீட்டை விட்டுப் போய் நான்கு வருடமாகியிருந்த மகள் வந்து உட்கார்ந்தாள். மற்ற நாற்காலிகள் காலியாகவே இருந்தன. மதியச் சாப்பாடு தாமதமாக வந்தது. கூட்ட அறையின் ஏசி வழக்கம்போல் வேலை செய்யவில்லை.

காலி நாற்காலி பயிற்சியாளரின் ஏற்பாடு. கேட்பதும் ஒரு தொழில், அதற்கும் ஒத்திகை வேண்டும் என்பது அவர் கட்சி. ஒவ்வொருவரும் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் ஒரு பணக்காரர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு நன்கொடை கேட்டுப் பழக வேண்டும். பெரிய டாக்டர்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று டீன் உத்தரவு போட்டிருந்ததால் இதய அறுவை நிபுணரும் வந்திருந்தார். எடுத்த எடுப்பிலேயே "எவ்வளவு தருவீங்க?" என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, நெஞ்சைப் பிளக்கும்போது நடுங்காத கை இப்போது நடுங்குவதைப் பார்த்து அவரே பயந்துபோனார். ரசீதம்மா கட்டணக் கவுண்டரில் பாதி ஆயுளை ரசீது போட்டே கழித்துவிட்டு மாற்றலாகி வந்தவள்; பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக வந்தவளுக்கு ஒரு கால் குட்டையான மர நாற்காலிதான் மிச்சம். "வணக்கம், உட்காருங்க" என்றாள். மகள் உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு பக்கமாக ஆடி நின்றது.

அந்த மகள் இதே கல்லூரியில் மருத்துவம் படித்தவள். படிக்க வைக்கப்பட்டவள் என்பதுதான் சரி. ரசீதம்மா மகளிடம் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். எழுந்திரு, சாப்பிடு, இதைப் படி, அவளோடு சேராதே. கவுண்டர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, போகிற வருகிற வெள்ளைக் கோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வேறு ஆசை எங்கிருந்து வரும்? மூன்றாம் வருடத்தில் ஒரு காலை, மகள் தன் வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டாள். எப்போதாவது சித்தப்பாவுக்கு மட்டும் 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி வரும். ரசீதம்மா தன் நம்பரை மாற்றவே இல்லை. கம்பெனிக்காரன் கட்டணத்தை ஏற்றியபோதும் மாற்றவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவளைக் கண்டதும் 'வீட்டுக்கு வாடி' என்ற சொல் ரசீதம்மாவின் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் பயிற்சியாளர் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, "முதல் சந்திப்புலயே கேக்கக் கூடாதும்மா. கேட்டா எழுந்து போயிடுவாங்க" என்றார். அவர் பொதுவாகச் சொன்னாரா, மகளைப் பார்த்துச் சொன்னாரா என்பது இன்றுவரை பிரிவில் ஒரு விவாதமாகவே இருக்கிறது. ரசீதம்மா வந்த சொல்லை விழுங்கிவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்று மட்டும் விசாரித்தாள். மகள் பதில் பேசவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. அட்டெண்டர் அவளுக்கும் ஒரு டீ வைத்தார். அந்த டீயை யார் கணக்கில் எழுதுவது என்று கணக்குப் பிரிவு ஆட்சேபம் கிளப்பி, கடைசியில் பயிற்சிச் செலவு என்று முடிவானது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் ஒத்திகை என்றால் மகள் வருவாள். ரசீதம்மா கேட்கப் பழகும்போது மட்டும்தான் வருவாள். மற்றவர்கள் அதே நாற்காலியை எதிரே போட்டுக் கேட்டுப் பார்த்து வாய் வலித்ததுதான் மிச்சம். சில நாள் இங்கே வெயில் கொளுத்தும்போது அவள் தலை மழையில் நனைந்திருக்கும். சட்டைக் கையில் மஞ்சளாக ஏதோ தூள் ஒட்டியிருக்கும். மாவு என்று நினைத்த ரசீதம்மா, பிள்ளை ஏதோ பேக்கரியில் அடுப்படியில் வேகிறதே என்று வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாள் அந்தத் தூளைப் பெருக்கிய துப்புரவுப் பணியாளர் மாவு மாதிரித் தெரியவில்லையே என்றதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பயிற்சியில் சொன்னதை எல்லாம் அவள் அட்சரம் பிசகாமல் பின்பற்றினாள். கொடுக்கிறவரை முதலில் பேசவிடு. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று பார். கொடுத்ததற்கு நன்றி சொல்லாமல் அடுத்ததைக் கேட்காதே. கேட்க வேண்டியதை ஒரே வரியில் கேள், கேட்டபின் வாயை மூடு; அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் பேசுகிறவன் காரியத்தைக் கெடுப்பான். இப்படித்தான் மனைவியை இதே மருத்துவமனையில் பறிகொடுத்த லாரி முதலாளியின் வீட்டுக்கு ஒன்றரை வருடம் சும்மா போய் வந்தாள். அந்த அம்மாள் எந்த ஜன்னல் பக்கம் படுக்க ஆசைப்பட்டாள் என்று தெரிந்துகொண்டாள். கடைசியில் ஜன்னல் ஜன்னலாக ஒரு புற்றுநோய்ப் பிரிவே எழுந்தது. குழந்தைகள் இதயப் பிரிவு, மாணவர் உதவித்தொகை, புது ஆய்வுக்கூடம் என்று அவள் கேட்டுக் கிடைக்காதது எதுவும் இல்லை. கல் கூட அவளிடம் கசியும் என்று டீன் மேடையில் சொன்னார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கேட்டாள். தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தள்ளிப்போட்டாள். கேட்டு, மகள் எழுந்து போய்விட்டால் இந்த வெள்ளிக்கிழமையும் இல்லாமல் போய்விடுமே என்ற பயம் அவளுக்கு.

பயிற்சியாளர் வருடா வருடம் வருவார். "இன்னும் கேக்கலையா?" என்பார்.

"இன்னும் பழுக்கலை சார்."

"பார்த்தும்மா, அழுகிடப் போகுது."

இப்படியே அவளுக்கு முடி நரைத்தது. மகளுக்கும் காதோரம் ஒன்றிரண்டு வெள்ளை விழுந்ததை ரசீதம்மா எதிரில் இருந்தே பார்த்தாள், அதைச் சீவிவிடக் கை பரபரத்தது. இதய நிபுணர் டீனானார். கூட்ட அறைக்குப் புது ஏசி வந்து அதுவும் பழுதானது. புது நாற்காலிகள் வாங்கியபோது அந்த ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள். பிரிவில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கதவருகே நின்றார்கள். நாள் கணக்காக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் குரல் பிசகவில்லை. "நீ எதுவா இருந்தாலும் சரிம்மா. ஒரு தடவை வீட்டுக்கு வர முடியுமா?" வாழ்க்கையில் தனக்கென்று மகளிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்டுவிட்டு விதிப்படி வாயை மூடிக்கொண்டாள். மகள் அவளையே வெகுநேரம் பார்த்தாள். நாற்காலி இரண்டு மூன்று முறை ஆடியது. டீ ஆறி ஏடு கட்டியபோது மகள் எழுந்து, ஒன்றும் சொல்லாமல், இல்லாமல் போனாள்.

ரசீதம்மா வாயைத் திறக்கவில்லை. பதில் வரும்வரை கேட்டவள் பேசக் கூடாது. பிரிவுபசார விழாவில் பேசச் சொன்னார்கள். மைக்கின் முன் நின்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள். சுவர்க் கடிகாரத்துக்குப் பதிலாக அந்த நாற்காலியையே அவளுக்குப் பரிசாகக் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி வீட்டில் இறக்கினார்கள். அவள் அதைச் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் போட்டாள். மாதக்கணக்கில் அவள் பேசவில்லை. காய்கறிக்காரர் அவள் விரலைப் பார்த்து எடை போடக் கற்றுக்கொண்டார். கொழுந்தனார் வந்து, "அண்ணி, ஒரு வார்த்தையாவது பேசுங்க" என்று கெஞ்சிவிட்டுப் போனார். அந்தத் தெருவில் இதை நோய் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவரிடம் ஒன்று கேட்டிருக்கிறாள், பதில் வரவில்லை, அவ்வளவுதான் என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவள் எதிர் நாற்காலிக்கு ஒரு டீ வைத்தாள். அது ஆறும். அவளே எடுத்துக் கொட்டுவாள். மகள் வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்துக் காதில் வைத்தாள், பேசவில்லை. அந்தப் பக்கத்திலும் மௌனம். பின்னால் எங்கோ மரம் அறுக்கும் சத்தம் கேட்டது. ரசீதம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

"அம்மா" என்றாள் மகள். "அந்த நாற்காலி ஆடுதும்மா. இத்தனை வருஷமா உக்காந்து இடுப்பு போச்சு. பின்பக்கம் இடது கால்தான் குட்டை. இப்போதைக்கு ஒரு அட்டையை மடிச்சு வை. நான் உளி, இழைப்புளி எல்லாம் எடுத்துட்டு வந்து சரி பண்றேன்."

"சரிம்மா" என்றாள் ரசீதம்மா. மாதக்கணக்கில் பேசாத குரல் கரகரத்தது. எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. நன்றி சொல்லாமல் அடுத்ததைக் கேட்கக் கூடாது. போனை வைப்பதற்குள் நன்றியையும் சொல்லிவிட்டாள்.

பிறகு ஒரு அட்டையை நாலாக மடித்து, குனிந்து, பின்பக்க இடது காலுக்கு அடியில் வைத்தாள். நாற்காலியை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மறுபடி குனிந்து அட்டையை உருவி எடுத்துவிட்டு, மகளுக்கு டீ போடப் போனாள்.