ஏற்றினால் இறங்கும் மாண்டலின்

ஏறுவதும் இறங்குவதும் லிஃப்ட்காரருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பொத்தானை அழுத்தினால் பெட்டி மேலே போக வேண்டும். போகாவிட்டால் ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் மனைவியின் மாண்டலினைக் கிடத்தி வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

மாண்டலின் அவருடைய மாமனார் வைத்துவிட்டுப் போனது. மாமனாரே அதைப் பழையதாகத்தான் வாங்கினாராம். அதன் தலையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தந்தியை முறுக்க நாலு திருகுகள். ஒவ்வொரு திருகும் ஒரு குட்டிப் பல்சக்கரத்தைச் சுற்றும். இடப்பக்கத் தகட்டில் பற்கள் தேய்ந்துபோய், தந்தியின் சுருதியை ஏற்றிவிட்டுக் கையை எடுத்தால் தானாக இறங்கிவிடும். குழந்தை பிறந்ததிலிருந்து வாத்தியம் பரணில் தூங்கியதால் அது யாருக்கும் உறைக்கவில்லை. போன வாரம்தான் உறைத்தது. மனைவி முன்பு வாசித்த குழுவின் தலைவர் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஒத்திகைக்கு வா, பொண்ணே. உன் நாற்காலியை இனிமே காலியா வெச்சிருக்க முடியாது. வரலன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

போனை வைத்தவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைப் பார்த்ததும் லிஃப்ட்காரர் வாயைக் கொடுத்துவிட்டார்: "நான் பாத்துக்கறேன்."

இசைக்கருவிக் கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். புதுத் தகடு எதுவும் பழைய துளைகளில் உட்காரவில்லை. கடைசியில் ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த வாத்தியங்களுக்கு அடியில், ஒற்றைத் தகடு அகப்பட்டது.

"கதவுக்குப் போடறதா சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

துளைக்குத் துளை பொருந்தியது. விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து மாட்டினார். மற்றத் தந்திகளைப் போலவே தந்தியைச் சுற்றித் திருகினார். தந்தி இறங்கியது. எதிர்ப்பக்கமாகத் திருகினார், ஏறியது. வலப்பக்கத்துப் பழைய தகட்டைத் திருகிப் பார்த்தார். அது சமர்த்தாகத்தான் இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். பழையதில் பல்சக்கரம் திருகின் தண்டுக்குக் கீழே, வந்ததில் மேலே. அட, இவ்வளவுதானா? தலைகீழாக்கினால் தீர்ந்தது. இடத்ததை வலத்திலும் வலத்ததை இடத்திலும் மாற்றிப் போட்டார். வந்த தகடு வழிக்கு வந்தது. அதுவரை சமர்த்தாக இருந்த பழைய தகடு முறைத்துக்கொண்டது. கோளாறு வீட்டைவிட்டுப் போகாமல் அறை மாறிப் படுத்துக்கொண்டது.

குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டு வந்தவள் வாத்தியத்தை மடியில் எடுத்தாள். கை பழகிய பக்கமே திருகியது. தந்தி தொளதொளத்தது.

"ஏங்க, நீங்க பாக்கற லிஃப்டெல்லாம் இப்படித்தானா? நாலாவது மாடின்னா கார் நிறுத்தற இடத்துக்குப் போகுமா?"

"ஒரு பக்கம் சரியா இருக்கு பாரு."

"ஒரு பக்கத்தை மட்டும் வாசிக்கட்டுமா?" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அவர் எதிர்ல தப்புத் தப்பா திருகினா, கை மறந்துபோச்சுன்னு நெனைப்பாருங்க. உடனே வேற ஆள்தான்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இனிக் கழற்றி மாட்ட நேரமில்லை. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

ஒத்திகை ஓர் அச்சகத்தின் மாடியில். எல்லார் வாத்தியத்துக்கும் தானே சுருதி சேர்த்தால்தான் தலைவருக்குத் திருப்தி. இந்த மாண்டலின் ஒன்றுதான் அவருக்கு அடங்காதது. ஊரிலுள்ள மாண்டலின்கள் ஒரு பக்கம் திருகினால் ஏறும், மாமனாருடையது மறுபக்கம்.

"இருந்தாலும் குடு, பாக்கறேன்" என்று வாங்கினார்.

இடப்பக்கத்தைத் திருகினார். ஏறியது. அவர் புருவமும் கூடவே ஏறியது. "அட, திருந்திடுச்சே?" வலப்பக்கத்தைத் திருகினார். இறங்கியது. மறுபடி இடம், மறுபடி வலம். "யாரு கை வெச்சது?"

கதவோரம் நின்ற லிஃப்ட்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரர்தான் மாமா. பாதி உங்க வழிக்கு வந்துடுச்சு. பாதி இன்னும் என் வழியிலதான் இருக்கு."

"அப்ப எப்படிச் சேக்கறது?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு மாண்டலினை இருவருக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடித்தாள். "அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான்."

தலைவர் முணுமுணுத்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடப்பக்கம் அவர் விரல், வலப்பக்கம் இவள் விரல். சண்டைக்காரப் பங்காளிகள் ஒரே கிணற்றில் நீர் இறைப்பதைப்போல, ஆளுக்கொரு திசையில் திருகி, எட்டுத் தந்தியும் ஒரு வழியாகச் சேர்ந்தன.

"பாட்டு நடுவுல இறங்கினா?"

"நீங்க பக்கத்துலயே உக்காந்துக்கணும் மாமா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் லிஃப்ட்காரர் தனக்குத்தானே விரலால் காற்றைத் திருகிக்கொண்டே வந்தார். தாங்க முடியாமல் கேட்டார்: "நான் அதைச் சரி பண்ணினேனா, கெடுத்துட்டேனா?"

"எனக்கும் தெரியலைங்க" என்றாள் அவள். "வியாழக்கிழமையும் வரச் சொல்லியிருக்கார்."